பெட்டிக்குள் இருக்கும் விரல்

ஓய்வுபெற்ற மின்னணுப் பொறியாளரிடம் சொந்தக்காரர்கள் கேட்பது இரண்டே கேள்விகள். வைஃபை ஏன் விட்டு விட்டு வருகிறது, பழைய டிவியை யாராவது எடுத்துக்கொள்வார்களா. இரண்டுக்கும் எனக்குப் பதில் தெரியாது. அதனால் போன மாதம் லத்தீஃபாவிடமிருந்து வந்த வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் வேலை பார்த்த பிரிவில் என் கடைசி வருடங்களில் வந்து சேர்ந்தவள் அவள். இப்போது அங்கே மூத்தவர்களில் ஒருத்தி. "அக்கா, இந்தப் புது சாஃப்ட்வேர்ல ஆஸிலேட்டர் சர்க்யூட் போட்டா தானாவே ஓடுது. நீங்கள்லாம் அந்தக் காலத்துல எதுக்கு அவ்ளோ பாடுபட்டீங்க?" என்று கேட்டிருந்தாள்.

பதிலைக் கைபேசியில் தட்ட ஆரம்பித்தேன். கட்டைவிரல் வலித்தது. மேசைக்கு வந்து பேனாவை எடுத்தேன். பதில் வளர்ந்து கட்டுரையாகிவிட்டது. லத்தீஃபா பொறுமைசாலி, படித்துவிடுவாள். மற்றவர்களுக்கும் புரியவேண்டும் என்பதற்காக முதலில் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

கடிகாரமோ கணினியோ, எதுவானாலும் உள்ளே ஒரு துடிப்பு வேண்டும். பூஜ்யம், ஒன்று, பூஜ்யம், ஒன்று என்று ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கும் சுற்றுக்குத்தான் ஆஸிலேட்டர் என்று பெயர். அதைச் செய்ய எளிய வழி, எதற்கெடுத்தாலும் மறுத்துப் பேசும் மூன்று பேரை வட்டமாக உட்கார வைப்பது. எங்கள் பங்குக் கோயில் மாதர் சபையிலேயே அப்படி மூன்று பேர் உண்டு. முதலாமவர் ஆமாம் என்றால் இரண்டாமவர் இல்லை என்பார். அதைக் கேட்டு மூன்றாமவர் ஆமாம் என்பார். அது முதலாமவர் காதில் விழுந்ததும் அவர் தன் பேச்சை மாற்றி இல்லை என்பார். அப்புறம் கூட்டம் முடியவே முடியாது. இன்வெர்ட்டர் என்னும் மூன்று சிறு சுற்றுகளை இப்படி வளையமாக இணைத்தால் ஆஸிலேட்டர் தயார்.

ஒரு சிப்பைச் செய்வதற்கு முன்னால் அதைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது எங்கள் வேலை. எங்கள் மென்பொருளுக்கு மூன்று மதிப்புகள் தெரியும். பூஜ்யம், ஒன்று, எக்ஸ். எக்ஸ் என்றால் 'தெரியாது'. மின்சாரம் வந்த அந்தக் கணத்தில் மூன்று பேரும் இன்னும் வாயைத் திறக்கவில்லை. ஆகவே மூவரும் எக்ஸ். 'தெரியாது' என்பதை மறுத்துப் பேசினால் என்ன வரும்? அதுவும் 'தெரியாது'தான். வளையம் முழுக்க எக்ஸ் சுற்றிக்கொண்டே இருக்கும், துடிப்பு வராது. நிஜச் சுற்றில் எப்போதும் இம்மியளவு மின் இரைச்சல் இருக்கும், அதுவே யாரையாவது முதல் வார்த்தை பேச வைத்துவிடும். கணினிக்குள் இரைச்சல் கிடையாது. அதனால் நாங்கள் ஒரு வரி எழுதி, வளையத்தில் ஓரிடத்தில் பூஜ்யத்தைத் திணித்து, உடனே கையை எடுத்துவிடுவோம். பழைய ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்புவது மாதிரிதான். எங்கள் பேச்சில் அதற்கு 'கிக்' என்று பெயர். உலகமே அப்படித்தான் செய்தது. எங்கள் பிரிவில் மட்டும் அதற்கு ஒரு சோதனை இருந்தது. சோதனையின் பெயர் காதர் சார்.

நான் எழுபதுகளின் நடுவில் மின்னணுவியலில் டிப்ளமா முடித்தேன். வகுப்பில் பெண்கள் எல்லாரும் சேர்ந்தாலும் ஒரு வரிசை பெஞ்சுகூட நிறையாது. பிறகு காலாங்கில் ஒரு தொழிற்சாலையில், செய்து முடித்த சிப்புகளைச் சோதிக்கும் தளத்தில் வேலை. ஷிஃப்ட் வேலை, நின்றுகொண்டே செய்யவேண்டும், குளிர்சாதனம் சிப்புகளுக்காக வைக்கப்பட்டதே தவிர எங்களுக்காக அல்ல. தேக்காவில் இருந்த வீட்டுக்குத் திரும்பினால் கால் இரண்டும் என்னுடையவை மாதிரியே இருக்காது. அந்தத் தளத்தில் சிப் நல்லதா கெட்டதா என்று மட்டும்தான் சொல்லலாம். ஏன் கெட்டது என்று கேட்க நமக்கு உரிமை இல்லை. எனக்கு அதுதான் கால்வலியைவிடப் பெரிய வலி.

எண்பதுகளின் தொடக்கத்தில் அதே நிறுவனத்தில் சிப் வடிவமைக்கும் பிரிவு திறந்தார்கள். விண்ணப்பித்தேன். தற்காலிகப் பொறியாளராக எடுத்தார்கள். மேலாளர் மிஸ்டர் லிம் நேரடியாகப் பேசுபவர். "உன்னை நம்பி ஒரு சிப் தருகிறேன். முதல் தடவையிலேயே அது வேலை செய்தால் இந்த மேசை உனக்கு நிரந்தரம். செய்யாவிட்டால் பழைய தளத்துக்கே போகவேண்டியதுதான்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, கடைசியில் "ஃபேர் லா" என்று சேர்த்துக்கொண்டார். நியாயம்தான். ஆனால் எனக்கு அந்த மேசை வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அதுவரை வாழ்க்கையில் எந்தப் பொருள் மீதும் எனக்கு அத்தனை ஆசை வந்ததில்லை.

காதர் சார் பிரிவின் தலைமைச் சரிபார்ப்பாளர். அவர் கையெழுத்துப் போடாமல் எந்த வடிவமும் வெளியே போகாது. நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்து டன்லப் ஸ்திரீட்டில் துணிக்கடை வைத்த குடும்பம். கடையைத் தம்பிகளிடம் விட்டுவிட்டு இவர் மின்னணுவுக்கு வந்தவர். பால் சேர்க்காத தேநீரான தே-ஓவைச் சர்க்கரையும் இல்லாமல் குடிப்பார், ஆனால் ஒரு மணி நேரம் கலக்கிக்கொண்டே இருப்பார். கலக்குவதற்கு அதில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கத் துணிந்ததில்லை. கண்ணாடியைக் கழற்றிக் கழுத்துப்பட்டையால் துடைக்க ஆரம்பித்தால் கேள்வி வரப்போகிறது என்று அர்த்தம்.

அவர் சரிபார்க்கும் விதமே தனி. ஓரமெல்லாம் துளையிட்ட நீளமான அச்சுத்தாளில் எங்கள் முடிவுகள் வரும், பூஜ்யமும் ஒன்றும் எக்ஸுமாகப் பத்தி பத்தியாக. மற்ற இடங்களில் மேலதிகாரிகள் முடிவைப் பார்ப்பார்கள். காதர் சார் தாளை இரண்டு மேசைகளுக்குக் குறுக்கே விரித்து, முடிவைத் தொடவே மாட்டார். நாங்கள் எழுதிக் கொடுத்த கட்டளைகளின் பக்கம் போவார். அதில் எங்கெல்லாம் ஒரு மதிப்பைத் திணித்திருக்கிறோமோ அந்த வரிகளைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிடுவார். பிறகு ஒவ்வொரு வட்டத்தையும் காட்டி, "இந்த விரல் பெட்டிக்குள்ள எங்கம்மா இருக்கு?" என்று கேட்பார்.

அதாவது, கணினியில் நீ கைவைத்துத் தள்ளிவிட்டாய். நாளைக்கு இந்தச் சிப் ஒரு பெட்டிக்குள் போய் உட்காரப்போகிறது. அங்கே உன் கை இல்லை. அப்போது தள்ளிவிடப் போவது எது? ஒரு பொத்தான், ஒரு கம்பி என்று பதில் சொல்ல முடிந்தால் சரி போடுவார். "இது சிமுலேஷனுக்கு மட்டும் சார்" என்று சொன்னால் அந்த வரியின் பக்கத்தில் நகத்தோடு ஒரு சின்ன விரல் வரைவார். எங்கள் தாள்கள் பாதி நேரம் கை ரேகை ஜோசியக்காரர் விளம்பரம் மாதிரி இருக்கும்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. வளையத்தில் இருக்கும் மூவருக்கும் பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் பிடிக்கும் என்று மென்பொருளுக்குச் சொல்லவேண்டும். அதை மறந்துவிட்டால் மூவரும் ஒரே கணத்துக்குள் மாறி மாறிப் பேசிக்கொண்டிருப்பார்கள், கணினியின் கடிகாரம் அடுத்த கணத்துக்கு நகராது, எல்லாருடைய திரையும் உறைந்துவிடும். இப்படிக் கணினியை நிறுத்துகிறவர் பிரிவு முழுவதற்கும் மசாலா அடைத்துப் பொரித்த கரிபாப் வாங்கித் தரவேண்டும். பிரிவில் அதைச் செய்யாதவர் கிடையாது. என் முறை முதல் மாதத்திலேயே வந்தது. காதர் சார் ஒன்றை நிதானமாகத் தின்று முடித்துவிட்டு, "நல்ல கரிபாப். அடுத்த தடவையும் இங்கயே வாங்குங்க" என்றார். திட்டு அவ்வளவுதான்.

அவரிடம் எனக்கு விநோதமாகப் பட்டது வேறொன்று. கூட்டத்தில் மிஸ்டர் லிம் எதையாவது கேட்டால், எல்லாருக்கும் முன்னால், கொஞ்சமும் கூசாமல், "தெரியாது" என்பார். நாங்கள் வளர்ந்த விதம் அப்படி இல்லை. வாத்தியாரோ மேலதிகாரியோ கேட்டால் எதையாவது சொல்லிச் சமாளிக்கவேண்டும், தெரியாது என்பது கடைசி அவமானம். இவரோ அதைத் தேநீர் கேட்பதுபோல் சாதாரணமாகச் சொன்னார். சொல்லிவிட்டு மறுநாள் தெரிந்துகொண்டு வந்தார்.

என்னை நம்பித் தரப்பட்ட சிப் மின்தூக்கிக்கானது. அடுக்குமாடிக் கட்டடத்தில் மின்சாரம் நின்று மின்தூக்கி நடுவில் மாட்டிக்கொண்டால், ஒரு பேட்டரி இணைந்து, மின்தூக்கிக்குள் இருக்கும் ஒரு பெட்டி விட்டு விட்டுக் கூவவேண்டும். உள்ளே யாரும் எதையும் அழுத்தத் தேவையில்லை. குழந்தையாக இருக்கலாம், மயங்கி விழுந்தவராக இருக்கலாம். பெட்டியே கூவி அக்கம்பக்கத்தைக் கூப்பிடும். அதுதான் அதன் பெருமை. கால் மணி நேரம் கூவியபின் பேட்டரியை மிச்சப்படுத்தத் தானே நிறுத்திக்கொள்ளும். பெட்டியைத் தயாரித்தது வெளியே ஒரு சிறு நிறுவனம். அவர்கள் சுற்றை வரைந்து தருவார்கள், நாங்கள் சிப்பாக்குவோம்.

அந்த நிறுவனத்தின் பொறியாளர் யாரென்று பார்த்தால் என் வகுப்புத் தோழன் ராஜேந்திரன். படிக்கும்போதே ஆய்வுக்கூடத்தில் முதலில் முடித்துவிட்டு, இன்னும் முடிக்காதவர்கள் பக்கத்தில் நின்று விசில் அடிப்பவன். கெட்டிக்காரன், அவசரக்காரன், நல்லவன். மூன்றாகவும் ஒரே நேரத்தில் இருப்பான்.

அவன் சுற்றோடு கட்டளைகளையும் எழுதியே கொடுத்திருந்தான். ஓட்டினேன். அழகான துடிப்பு, கூவல், கால் மணி நேரம் கழித்து நிறுத்தம். எல்லாம் அச்சுக் கோர்த்ததுபோல் வந்தது. திங்கட்கிழமை கையெழுத்துக் கூட்டம். அதைத் தவறவிட்டால் சிப் செய்யும் ஆலையில் எங்கள் முறை வேறொருவருக்குப் போய்விடும், மிஸ்டர் லிம் தாண்டவமாடுவார். வியாழக்கிழமை தாளைக் காதர் சார் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். அவர் ஒரே ஒரு வரியை வட்டமிட்டார்.

"இந்த விரல் பெட்டிக்குள்ள எங்கம்மா இருக்கு?"

"சார், அது ஆஸிலேட்டருக்குக் குடுக்குற கிக். நிஜத்துல தானா ஸ்டார்ட் ஆயிடும்."

"ஆயிடும். ஆனா இந்த வரி ஆஸிலேட்டரை மட்டும் உதைக்கலியே. உள்ள இருக்குற எல்லாத்தையும் பூஜ்யமாக்குதே."

பார்த்தேன். உண்மைதான். ராஜேந்திரன் ஒரே வரியில் சிப்பில் இருந்த அத்தனையையும் பூஜ்யமாக்கிவிட்டுத் தொடங்கியிருந்தான். பலரும் செய்வதுதான். ஒவ்வொன்றாக எழுத யாருக்குப் பொறுமை.

"வளையத்தை மட்டும் உதைச்சுப் பாருங்க. மத்தவங்களைத் தொடாதீங்க" என்றார். கண்ணாடியைத் துடைக்கவில்லை. அதனால் பெரிதாக ஒன்றும் இருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அவர் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் அந்த ஒரு வரியை மாற்றி ஓட்டினேன். அச்சு இயந்திரம் கரகரவென்று தாளைத் துப்பியது. வளையத்தில் பூஜ்யம் திணித்தேன், முதலாமவர் பேசினார், இரண்டாமவர் பேசினார், மூன்றாமவர் பேசினார். திரும்ப முதலாமவர் முறை வந்ததும் எக்ஸ். அதற்குப் பிறகு தாள் முழுக்க எக்ஸ். ஒரு சுற்றுகூட முழுதாக ஓடவில்லை. ஏதோ தவறாக எழுதிவிட்டேன் என்று மறுபடி ஓட்டினேன். மறுபடியும் அதே.

பென்சிலை எடுத்துக்கொண்டு எக்ஸ் எங்கிருந்து வருகிறது என்று பின்னோக்கிப் போனேன். நம் முதலாமவர் மற்ற இருவரைப் போல ஒற்றைக் காது உள்ளவர் அல்ல. அவருக்கு இன்னொரு காது உண்டு. 'நிறுத்து' என்ற ஆணை வந்தால் அந்தக் காதால் கேட்டு வாயை மூடிக்கொள்ளவேண்டும். ஆணையை அனுப்புவது துடிப்புகளை எண்ணும் கவுன்ட்டர். கால் மணி நேரத்துக்கு உண்டானதை எண்ணி முடித்ததும் அது 'நிறுத்து' என்று கையைத் தூக்கும். சரி, பேட்டரி இணைந்து சிப்புக்கு உயிர் வரும் முதல் கணத்தில் அந்தக் கை எங்கே இருக்கும்? தூக்கியபடி இருக்குமா, இறங்கியிருக்குமா? சுற்றில் அதற்குப் பதிலே இல்லை. மென்பொருள் 'தெரியாது' என்றது.

கை தூக்கியபடியே எழுந்தால் ஆஸிலேட்டர் வாய் திறக்காது. அது துடிக்காவிட்டால் கவுன்ட்டருக்கு எண்ண ஒன்றும் இல்லை. எண்ணாவிட்டால் கை இறங்காது. பெட்டியைப் பூட்டிச் சாவியை உள்ளேயே வைத்த கதை. இருட்டில், நடுவில் நின்றுபோன மின்தூக்கிக்குள் ஒருவர். தலைக்கு மேலே என் சிப், வாயை மூடிக்கொண்டு.

காதர் சார் திரும்பி வந்ததும் காட்டினேன். தாளை மேசைமேல் விரித்தார். இந்த முறை கண்ணாடியைத் துடைத்தார்.

"நிஜத்துல இப்படி ஆகுமா?" என்று கேட்டார்.

"தெரியலையே சார்."

"எனக்கும் தெரியல" என்றார். பிறகு தே-ஓவைக் கலக்கப் போய்விட்டார்.

ராஜேந்திரனைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். அவன் சிரித்தான். "நான் போர்டுல கட்டியே பாத்துட்டேன் ஸ்டெல்லா. எத்தனை தடவை ஆன் பண்ணாலும் சூப்பரா கத்துது. உன் சாஃப்ட்வேர் ஒரு பயந்தாங்கொள்ளி லா. அது சொல்றதைக் கேட்டா நம்ம ரெண்டு பேரும் வீட்டுக்குத்தான் போகணும்."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கவுன்ட்டர்களுக்கு எழுந்திருக்கும் பழக்கம் ஒன்று உண்டு. சிலர் விழித்ததும் எப்போதும் இடப்பக்கமே திரும்புவார்கள் அல்லவா, அப்படி ஒவ்வொன்றும் தனக்குப் பிடித்த நிலையில்தான் பெரும்பாலும் எழும். போர்டில் வைக்க அவன் கடையில் வாங்கியிருந்த கவுன்ட்டர்கள் நல்லவிதமாக எழுபவை. நாங்கள் செய்யப்போகும் சிப் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்குத் தெரியும்?

என் கணவர் அந்தோணி சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்த்தார். சனிக்கிழமை காலையில் நான் தோசையைப் பிய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். சொன்னேன்.

"சரி, திங்கட்கிழமை அவங்க கேட்டா என்ன சொல்லப் போற?"

"தெரியாதுன்னுதான் சொல்லணும்."

"தெரியாதுன்னு சொல்றதுக்கா உனக்குச் சம்பளம்?"

கேலியாகத்தான் கேட்டார். ஆனால் நெஞ்சில் தைத்தது. ஏனென்றால் மிஸ்டர் லிம் மனத்திலும் அதே கேள்விதான் ஓடும் என்று எனக்குத் தெரியும். 'வேலை செய்யும்' என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டால் பெரும்பாலும் வேலை செய்துவிடும், மேசை கிடைத்துவிடும். அந்த ஆசையும் எனக்கு இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

தோசையை அப்படியே வைத்துவிட்டுச் சுங்கை ரோட்டுக்கு நடந்தேன். தேக்காவிலிருந்து கூப்பிடு தூரம். பழைய வானொலி, கழற்றிய கருவி, துருப்பிடித்த ஸ்பேனர் எல்லாம் தார்ப்பாய் விரித்து விற்பார்கள். ராஜேந்திரன் போர்டில் வைத்திருந்த அதே எண் உள்ள கவுன்ட்டர் சிப்புகளைத் தேடினேன். எண் ஒன்று, தயாரிப்பாளர்கள் வேறு வேறு. கிடைத்தவற்றை ஒரு சின்ன டின்னில் போட்டு எடுத்துவந்தேன். வீட்டில் சோதிக்க வசதி இல்லை. அவை எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாமலேயே திங்கட்கிழமை கூட்டத்துக்குப் போனேன்.

மேசையின் நடுவில் ராஜேந்திரனின் போர்டு. பேட்டரியை இணைத்தான், அது கூவியது. கழற்றி மறுபடி இணைத்தான், மறுபடியும் கூவியது. மிஸ்டர் லிம்முக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவனைப் பார்த்து, தொடங்குமா என்று கேட்டார். "ஷ்யூர்" என்றான். என்னைப் பார்த்து அதையே கேட்டார்.

"ஐ டோன்ட் நோ, மிஸ்டர் லிம்."

சிரிப்பு மறைந்தது. "இத்தனை மாதம் இதைத்தானே செய்துகொண்டிருந்தாய்? உனக்கே தெரியாது என்றால்?" என்றார். உதவிக்காகக் காதர் சாரைப் பார்த்தேன். மனிதர் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிமிடம் அவர் மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. கைப்பையிலிருந்து டின்னை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"ராஜேந்திரா, அதே நம்பர்தான். கவுன்ட்டரை எடுத்துட்டு இதுல ஒண்ணு ஒண்ணா வெச்சுப் பாக்கலாமா?"

"இதுக்கென்ன, போட்டாப் போச்சு" என்று அவனே வாங்கிக்கொண்டான். முதல் சிப்பைப் பொருத்தினான். கூவியது. இரண்டாவது. அதுவும் கூவியது. மிஸ்டர் லிம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாவதைப் பொருத்திப் பேட்டரியை இணைத்தான்.

சத்தமே இல்லை.

காத்திருந்தோம். "லூஸ் காண்டாக்ட்டா இருக்கும்" என்று அழுத்திவிட்டு மறுபடி இணைத்தான். சத்தமில்லை. பழைய சிப்பை வைத்தான், கூவியது. மூன்றாவதை வைத்தான், மௌனம். அவன் முகத்தில் இருந்த விசில் போய்விட்டது. நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒன்றும் கேட்காததைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் காதர் சார் கோப்பையிலிருந்து நிமிர்ந்தார். "தம்பி, கவுன்ட்டர் முழிக்கும்போது எந்த நிலையில முழிக்கும்?" என்று தமிழில் கேட்டார்.

ராஜேந்திரன் போர்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "தெரியல சார்" என்றான்.

"நல்லது. இப்ப எல்லாருக்கும் தெரியல. இனி வேலையை ஆரம்பிக்கலாம்."

அன்று யாரும் கையெழுத்துப் போடவில்லை. ஆலையில் எங்கள் முறை போயிற்று. மிஸ்டர் லிம் தாண்டவமாடவில்லை, நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போய்விட்டார், அது அதைவிட மோசம். ஆனால் ராஜேந்திரன் தன் நிறுவனத்தில் போய், கோளாறு தன் சுற்றில்தான் என்று வாய்விட்டுச் சொன்னான். இன்றுவரை அவன்மேல் எனக்கு உள்ள மரியாதை அதனால்தான்.

நானும் அவனும் சேர்ந்து சரிசெய்தோம். சிப்பிலிருந்து வெளியே நீளும் கம்பிக் கால்களில் ஒன்று பயன்படாமல் இருந்தது. வெளியே ஒரு மின்தடையும் ஒரு மின்தேக்கியும் வைத்து அந்தக் காலில் இணைத்தோம். பேட்டரி வந்ததும் மின்தேக்கி நிரம்பக் கொஞ்ச நேரம் பிடிக்கும் அல்லவா, அந்த நேரத்துக்குள் அந்தக் கால் கவுன்ட்டரின் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிடும், வளையத்தில் முதலாமவருக்கு முதல் வார்த்தையையும் எடுத்துக் கொடுக்கும். கணினியில் ஓட்டினேன், கிக் எதுவும் இல்லாமல். தாளின் உச்சியில் கொஞ்சம் எக்ஸ். பிறகு அவை ஒவ்வொன்றாகப் பூஜ்யமாகவும் ஒன்றாகவும் மாறின, வளையம் தானாகத் துடிக்கத் தொடங்கியது. அந்த நீளத் தாளை வைத்துக்கொண்டு அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் நான் சும்மா நின்றிருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

காதர் சார் சிவப்புப் பென்சிலோடு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை போனார். வட்டமிட ஒன்றும் கிடைக்கவில்லை. "விரல் பெட்டிக்குள்ள வந்திருச்சு" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

சிப் தாமதமாகத்தான் வந்தது. ஆனால் முதல் தடவையிலேயே வேலை செய்தது, சுங்கை ரோட்டு டின் கற்றுக்கொடுத்த அத்தனை வழியிலும் சோதித்துப் பார்த்தோம். அதன்பிறகு ஒருநாள் மிஸ்டர் லிம் என்னை அறைக்குக் கூப்பிட்டார். காதர் சாரும் உட்கார்ந்திருந்தார்.

"காதர் சீக்கிரம் ஓய்வுபெறுகிறார். சரிபார்க்கும் வேலையை நீ எடுத்துக்கொண்டால் அவர் அளவுக்குச் செய்வாயா?" என்று கேட்டார் மிஸ்டர் லிம்.

நிரந்தரமா இல்லையா என்றே தெரியாமல் உள்ளே போனவள் நான். நாக்கு நுனியில் 'செய்வேன்' இருந்தது. ஆனால் வாயில் வந்தது, "தெரியாது, மிஸ்டர் லிம்."

அவர் காதர் சார் பக்கம் திரும்பிப் பெருமூச்சு விட்டார். "நீங்கள் சொன்னபடியே சொல்கிறாள்" என்றார். பிறகு என்னிடம், "செய்வேன் என்று நீ சொன்னால் கொடுக்காதீர்கள் என்று இவர் சொல்லிவைத்திருந்தார். மேசை உனக்குத்தான். போ, வேலையைப் பார்" என்றார். வெளியே வந்து பெண்கள் கழிப்பறையில் நன்றாக அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு, என் மேசையில் போய் உட்கார்ந்தேன். போகும்போது காதர் சார் சிவப்புப் பென்சிலை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாரா என்று சிலர் கேட்பதுண்டு. துணிக்கடைக்காரர் மகன், அதெல்லாம் கொடுப்பாரா? சட்டைப்பையில் செருகிக்கொண்டு போய்விட்டார். நான் சொந்தமாக ஒன்று வாங்கிக்கொண்டேன்.

லத்தீஃபா, உன் கேள்விக்கு வருகிறேன். உன் புது மென்பொருளில் ஆஸிலேட்டர் தானாக ஓடவில்லை. தெரியாத இடத்திலெல்லாம் அதுவே பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு ஓட்டுகிறது. அதாவது விரலை அது வைக்கிறது, உன்னிடம் சொல்லவில்லை. எங்கேயாவது ஒரு மூலையில் அதை நிறுத்தி எக்ஸைத் திரும்பக் கொண்டுவர வழி இருக்கும், தேடிப்பார். நாங்கள் பாடுபட்டது எக்ஸ் வந்ததால் அல்ல. அது நியாயமாக எழுப்பிய கேள்விக்குப் பதில் தேடித்தான் பாடுபட்டோம்.

இன்னும் ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். சில வருடங்கள் கழித்து நாங்கள் தேக்காவை விட்டு உட்லண்ட்ஸில் புது வீட்டுக்குக் குடிபோனோம். ஒரு மாலை நேரத்தில் எங்கள் அடுக்குமாடி புளோக் முழுக்க மின்சாரம் போயிற்று. சற்று நேரத்தில் மின்தூக்கிப் பக்கத்திலிருந்து விட்டு விட்டு ஒரு கூவல். எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். நான் கையிலிருந்த கரண்டியோடு ஓடினேன். எனக்குத் தெரியாதா அந்தக் குரல்?

மின்தூக்கிக் கதவில் வாயை வைத்து, "உள்ள யாரு?" என்று கேட்டேன்.

"நான்தான்" என்றார் அந்தோணி. வேலை முடிந்து வந்தவர், ஒரு மாடி கீழே மாட்டிக்கொண்டிருந்தார்.

"பயப்படாதீங்க. சத்தம் கேட்டு எதிர்வீட்டம்மா ஆள் கூப்பிடப் போயிருக்காங்க."

"பயம் இல்ல. இருட்டா இருக்கு, இது மட்டும் கூடவே கத்திக்கிட்டு இருக்கு. இது உன் பெட்டிதானே?"

"ஆமா."

"கரண்ட் எப்ப வரும்?"

"தெரியாது."

கூவலுக்கு நடுவே உள்ளே அவர் சிரிப்பது கேட்டது. "சரி, ஒத்துக்குறேன்" என்றார். "இதுக்குத்தான் உனக்குச் சம்பளம்."